மார்பில் கட்டிய மல்லிகை

செம்மொழிக்கு வருவது வெறும் தலைவலிதானே என்று சொல்கிற ஆளின் வாயில் ரெண்டு போடலாம், தப்பே இல்லை. தலைவலி நமக்கெல்லாம் வரும். ஒரு காபி குடித்தால் போகும், ஒரு தூக்கம் போட்டால் போகும். அவளுக்கு வருவது அந்த ரகமில்லை. முதலில் இடது கண்ணோரம் வெளிச்சம் ஒன்று நெளிந்து நெளிந்து ஓடும். அது ஓடி முடிப்பதற்குள் எதிரில் நிற்கிற ஆட்களின் முகம் பாதியாகத் தெரியும். அப்புறம் நெற்றிப்பொட்டில் கடப்பாரையை வைத்து இடிக்க ஆரம்பித்துவிடும். வெயில் பட்டால் உயிர் போகும், பேச்சுச் சத்தம் கேட்டால் உயிர் போகும், குடித்த தண்ணீர்கூட வெளியே வந்துவிடும். பொழுதெல்லாம் இடித்துவிட்டு மறுநாளும் விடாமல் இடிக்கும்.

கீழ்வேளூர் பக்கம் ஒரு கிராமம் அவளுக்கு. அப்பா இராஜாங்கம் அடுத்தவன் வயலில் கூலிக்கு நின்றவர், பின்னால் தனக்கென்று ரெண்டு மா நிலம் பார்த்துக்கொண்டவர். பத்தாவது படிக்கும்போது வகுப்பிலேயே அவளுக்கு முதல் வலி வந்தது. பெஞ்சில் தலையைக் கவிழ்த்தவளை, கணக்குப் பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று வாத்தியார் வெயிலில் நிறுத்தினார். அவர் காலிலேயே வாந்தி எடுத்தாள். அதற்கு ஓர் அடி விழுந்தது. அறுப்பு நேரத்தில் களத்தில் போய்ச் சுருண்டு படுத்ததற்கு அப்பாவிடம் ஓர் அறை வாங்கினாள். வலி வந்தால் பின்னாலேயே அடியும் வரும் என்பது அவளுக்குப் பழகிப்போனது.

ஆனால் அடியை வாங்கிக்கொண்டு மூலையில் உட்காருகிற பிறவியும் இல்லை அவள். மூக்குக்கு மேல் கோபம் வரும். பள்ளிக்கூடம் முடித்து, நடவு மிஷினுக்குத் தட்டில் நாற்று வளர்த்துக் கொடுக்கிற பெண்கள் குழுவில் சேர்ந்தாள். அங்கே, கூலியைக் குறைத்துப் பேசிய மிராசு ஒருவர் மேல் நாற்றுத் தட்டையே கவிழ்த்தவள். அந்தக் குழுவில்தான் பர்வின் பழக்கமானாள். செம்மொழிக்கு வலி வந்தால் தார்ப்பாயை மடித்து இருட்டு பண்ணி, அதற்குள் அவளைப் படுக்க வைத்து, அவள் வேலையையும் சேர்த்துச் செய்த ஒரே ஆள் பர்வின்.

வலங்கைமான் பக்கம் வளவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். நல்லவன்தான், ஆனால் அக்கா கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான். அம்மா இல்லாத வீடு அது. அக்கா பிரகதீஸ்வரி புருஷனை விட்டுவிட்டு வந்து, தம்பியை ஆளாக்கி, வீட்டையும் வயலையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தவள். அவளுடைய இடது முழங்கை நீட்டினால் முழுசாக நீளாது. அது ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

கல்யாணத்தன்று மணமேடையிலேயே செம்மொழிக்கு வலி கிளம்பிவிட்டது. எல்லாம் மாலையில் இருந்த மல்லிகை செய்த வேலை. அந்த வாசனை அவளுக்கு ஆகாது. மூக்கில் ஏறினால் அரை மணியில் கடப்பாரை வந்துவிடும். தாலி கட்டிய கையோடு அவள் குமட்டிக்கொண்டு ஓட, சனமெல்லாம் ஒன்றை ஒன்று பார்த்தது. பிரகதீஸ்வரிதான் எழுந்து நின்று அடக்கினாள். “பொண்ணு காலையிலேர்ந்து பட்டினி. பித்தம். இதுல என்னத்த மொறைச்சு மொறைச்சுப் பாக்குறீங்க? போய் சாப்புடுங்க.” அன்றைக்குச் செம்மொழிக்கு அந்த அண்ணி மேல் விழுந்த பாசம் கொஞ்ச நஞ்சமில்லை. அதைச் சொல்லாமல் பின்னால் நடந்ததை மட்டும் சொன்னால் நியாயமாகாது.

பிள்ளை வயிற்றில் இருந்த மாதங்களில் வலி இருந்த இடம் தெரியாமல் போயிற்று. போய்த் தொலைந்தது சனியன் என்று செம்மொழி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பெண் பிள்ளை பிறந்தது. இளவெயினி என்று பேர் வைத்து வெயினி என்று கூப்பிட்டார்கள். பால் குடிக்கும்போது அம்மாவின் சுண்டுவிரலை விடாமல் பிடித்துக்கொள்ளும் பிள்ளை. ரெண்டு மாதம் ஆனது. ஒருநாள் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோதே கண்ணோரம் அந்த வெளிச்சம் நெளிந்தது. விட்ட வட்டியையும் சேர்த்து வாங்க வந்தது போல வந்தது வலி. வாரத்தில் ரெண்டு தடவை, சில வாரம் மூன்று தடவை.

மாத்திரை என்ற பேச்சை எடுக்கவே விடவில்லை பிரகதீஸ்வரி. “பால் குடிக்கிற பிள்ளைக்காரி மாத்திரையைத் தொடக்கூடாது. பத்து போடு, சரியாயிடும்.” சுக்கை இழைத்து நெற்றியில் அப்பினாள், ஈரத்துண்டை முறுக்கித் தலையில் இறுக்கினாள், நொச்சி போட்டு ஆவி பிடிக்க வைத்தாள். சுக்கு எரிந்ததே தவிர வலி அசையவில்லை. செம்மொழியும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பிள்ளைக்கு ஆகாது என்றால் எந்தத் தாய்தான் என்ன செய்வாள்?

மாசிக் கடைசியில் ஒரு மத்தியானம் வீட்டுக்குப் பின்னாலேயே அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு நேராக அவள் மண்டைக்குள் இறங்கியது. சுவரில் தலையை முட்டினாள். முட்டினால் அந்த வலி கொஞ்ச நேரம் இந்த வலியை மறைக்கும். நெற்றி உடைந்து ரத்தம் மூக்கில் இறங்கியது. வெயினி பாலுக்கு வீறிட்டாள். தூக்கினாள். பிள்ளை அவள் காதுக்குப் பக்கத்தில் கத்தியது. “வாயை மூடு!” என்று செம்மொழி போட்ட சத்தத்தில் மிஷின் சத்தமே அடங்கினது போலிருந்தது. பிள்ளையின் இரண்டு புஜத்தையும் பிடித்திருந்த தன் கைகள் இறுகுவதைப் பார்த்தாள். தூக்கி எறி, சுவரில் எறி, சத்தம் நிற்கும் என்று உள்ளுக்குள் ஒன்று சொன்னது. கைகள் மேலே கிளம்பியும்விட்டன.

எப்படியோ பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி மண்ணில் விழுந்தாள். வலியில் சாவதைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. அந்தக் கைகளை நினைத்துத்தான் பயந்தாள். வெயினியின் புஜத்தில் அவள் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. மறுநாள் வலி இறங்கியதும் வளவனிடம்கூடச் சொல்லாமல் பர்வினுக்குப் போன் போட்டாள். “எங்கயாவது கூட்டிட்டுப் போடி. இன்னொரு தடவை வந்தா இந்தப் பிள்ளையை நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல.”

பர்வின் கும்பகோணத்துக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப் போனாள். டாக்டர் சபிஹா என்று ஒரு நடுவயசுக்காரம்மா. செம்மொழி சொன்னதை எல்லாம் கேட்டது. பிரஷர் பார்த்தது, கண்ணில் லைட் அடித்துப் பார்த்தது, காய்ச்சல் இருந்ததா, வீசிங் உண்டா, பிள்ளை நிறை மாதத்தில் பிறந்ததா என்று துருவித் துருவிக் கேட்டது. கடைசியில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “இத்தனை நாளா மாத்திரை இல்லாமலா கிடந்தீங்க? ஏம்மா?” என்றது.

“பால் குடுக்குறேன்ல.”

“குடுங்க. நான் வேணாங்கலையே. பால் குடுத்துக்கிட்டே போடுற மாத்திரை இருக்கு. வலி ஆரம்பிச்ச உடனே பாராசிட்டமால், இல்லன்னா ஐபுப்ரூஃபன் போடுங்க. பாலுக்குள்ள போறது துளியூண்டு, பிள்ளையை ஒண்ணும் பண்ணாது. அதுக்கும் அடங்கலன்னா சுமாட்ரிப்டான்னு ஒண்ணு எழுதுறேன். அதுவும் பால் குடுக்குறவங்க போடலாம். அடிக்கடி வர்றதால வராம தடுக்க தினம் ஒரு சின்ன மாத்திரை, ப்ரோப்ரனலால். உங்களுக்கு வீசிங் இல்ல, அதனால தரேன். வலி மாத்திரையை மட்டும் வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல போட்டுப் பழகாதீங்க, அதுவே தலைவலியக் கொண்டு வரும். பிள்ளை வழக்கத்தை விட அதிகமா தூங்கினா, பால் சரியா குடிக்கலன்னா கூட்டிட்டு வாங்க. மெடிக்கல்ல போய் தலைவலிக்கு ஏதாவது குடுங்கன்னு மட்டும் கேக்காதீங்க. எர்கட்டமின்னு பழைய சரக்கு ஒண்ணு இருக்கு, அது பால் குடிக்கிற பிள்ளைக்கு ஆகவே ஆகாது. ஆஸ்பிரினும் வேணாம்.”

செம்மொழிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு மாத்திரைச் சீட்டுக்கு அந்தப் பக்கம் நிம்மதி இருந்திருக்கிறது, இந்தப் பக்கம் அவள் சுவரில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யாரைத் திட்டுகிறோம் என்றே தெரியாமல் திட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்து சீட்டு ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டில் எதையும் ஒளிக்கவில்லை. மாத்திரைகளைக் கூடத்தில் வைத்து, டாக்டர் சொன்னதைச் சொன்னாள். பிரகதீஸ்வரி ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பார்த்தாள். பாராசிட்டமால் அட்டை வந்ததும் அவள் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

“இதைப் போட்டுட்டு பிள்ளைக்குப் பால் குடுக்கப் போறியா?”

“ஆமா அண்ணி. ஒண்ணும் பண்ணாதாம். டாக்டரம்மா சொன்னாங்க.”

“டாக்டர் வீட்டுப் பிள்ளையா சாகப் போவுது?” என்று கேட்ட வேகத்திலேயே பளாரென்று ஓர் அறை விட்டாள். செம்மொழி சும்மா இருப்பாளா? அண்ணியின் கையைப் பிடித்து முறுக்கி அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் பிரகதீஸ்வரி மேல் கை வைத்ததில்லை. வயலிலிருந்து வந்த வளவன் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் முழித்தான்.

இரண்டு நாள் கழித்து வலி வந்தது. செம்மொழி எல்லோரும் பார்க்கவே மாத்திரையைப் போட்டாள். அரை மணியில் கடப்பாரை பின்வாங்கியது, ஒரு மணியில் எழுந்து உலை வைத்தாள். அவளால் நம்ப முடியவில்லை. அடுப்படியில் நின்று தனக்குத் தானே சிரித்தாள். பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், பிள்ளை குடித்துவிட்டுக் காலை உதைத்து விளையாடியது. பிரகதீஸ்வரி மட்டும் சாப்பிடாமல் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, பிள்ளையின் மூக்கில் விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு என்னதான் ஓதினாளோ! வளவன் பெரிய மனுஷன் மாதிரி ஒரு சமாதானத்தோடு வந்தான். “நீ மாத்திரை போட்டுக்க, யாரு வேணாங்கிறா? பிள்ளைக்குப் பால் பவுடர் வாங்கித் தரேன். உன் பாலை நிறுத்திடுவோம். ஒனக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது.”

“என் பாலை நிறுத்த நீ யாரு?” அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவனை ‘நீ’ என்றாள். “எதுக்காக டாக்டர்கிட்ட போனேன்? இவளுக்குப் பாலும் குடுக்கணும், இவளைத் தூக்கி எறியாமலும் இருக்கணும்னுதானே போனேன்! ரெண்டும் முடியும்னு அந்தம்மா சொல்லுது. உங்களுக்கு எங்கய்யா வலிக்குது?”

அவன் சும்மா தலையை ஆட்டிவிட்டு மிஷினைப் பார்க்கப் போய்விட்டான். அந்தத் தலையாட்டலை நம்பியது அவள் செய்த தப்பு.

நம் பக்கத்தில் பாலை வற்ற வைக்க மல்லிகையை மார்பில் கட்டுவார்கள். பிள்ளை தவறிப்போனவளுக்குக் கட்டுவார்கள், பால் மறக்கடிக்கக் கட்டுவார்கள். முழம் முழமாகக் கட்டி, மேலே துணியைச் சுற்றி இறுக்கிவிட்டால் பால் உள்ளேயே சுண்டிப்போகும் என்பார்கள். மருந்தில்லை, மாத்திரையில்லை, பூதானே என்று சொல்லிக்கொள்வார்கள். வளவனும் அப்படித்தான் நினைத்தான். கும்பகோணம் பூக்கடையிலிருந்து ஒரு பை நிறைய வாங்கி வந்தான். மணமேடையில் பெண்டாட்டி குமட்டிக்கொண்டு ஓடினது எந்தப் பூவுக்கு என்று அந்த மடையனுக்கு நினைவே வரவில்லை.

மறுநாள் காலை செம்மொழிக்குக் கண்ணோரம் வெளிச்சம் ஓடியது. அலமாரியில் கைவிட்டாள், மாத்திரை இல்லை. பிரகதீஸ்வரி எடுத்து ஒளித்துவிட்டிருந்தாள். வலி முழுசாக இறங்கி, அவள் பாயில் சுருண்டு, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு கிடந்தபோது இரண்டு பேரும் வந்தார்கள். பிள்ளையைத் தூக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தாள். வளவன் அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துத் தலைக்கு மேல் அழுத்தினான். “ரெண்டு நாள்தான், பொறுத்துக்க” என்றான். ரவிக்கையின் கொக்கிகள் தெறித்தன. குளிர்ச்சியாக, ஈரமாக என்னவோ மார்பில் வந்து அழுந்தியது. அப்புறம் வாசனை வந்தது.

கத்த வாயைத் திறந்தால் அந்த வாசனைதான் உள்ளே போனது. மூச்சை அடக்கினாள். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? பிரகதீஸ்வரி பழைய வேட்டியைச் சுற்றி, முழங்காலால் முட்டுக் கொடுத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். செம்மொழி காலை உதறியதில் அண்ணியின் வயிற்றில் ஓர் உதை விழுந்தது. அவள் விடவில்லை. “உதைடி, நல்லா உதை, என் தம்பி பிள்ளை உசுரோட இருக்கட்டும்” என்று சொல்லிச் சொல்லி இறுக்கினாள். மண்டைக்குள் இடிப்பது ஒரு கடப்பாரை போய் பத்துக் கடப்பாரை ஆனது. மல்லாந்து கிடந்தவள் தொண்டையில் வாந்தி ஏறி மூச்சு அடைத்தது. பயந்துபோய் வளவன் கையை விட்டான். ஒருக்களித்து, வாந்தி எடுத்து, அதிலேயே நினைவு தப்பிக் கிடந்தாள்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வெயினியின் குரல்தான் எழுப்பியது. அது பசிக்கு அழுகிற குரல் இல்லை, அழுது அழுது தேய்ந்து பூனை மாதிரி ஆகிவிட்ட குரல். பிள்ளை பாட்டிலை வாயில் வைக்கவில்லை. வைத்தால் துப்பியது, ஸ்பூனில் ஊற்றினால் புரையேறியது. காலையிலிருந்து ஒரு மடக்கு உள்ளே போகவில்லை. செம்மொழியின் மார்பு கல்லாகக் கட்டி, அக்குள் வரை நெருப்பாக எரிந்தது. முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தாள். நசுங்கிப் பழுத்த பூவை எல்லாம் பிய்த்துச் சுவரில் அடித்தாள்.

“பிள்ளையைக் குடு!”

பிரகதீஸ்வரி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவை மறித்து நின்றாள். “மாட்டேன். உன் ஒடம்புல இன்னும் மாத்திரை இருக்கு.”

“குடுக்கப் போறியா இல்லையா?” செம்மொழி பாய்ந்தாள். மயிரைப் பிடித்தாள், அண்ணியின் கன்னத்தைப் பிராண்டினாள், மறித்த கையைக் கடித்தாள். பல்லில் ரத்தம் உப்புக் கரித்தது. வளவன் ஓடி வந்து அவள் தலையைப் பிடித்துத் தள்ளி, அந்த இடது நெற்றிப்பொட்டிலேயே ஓங்கி ஓர் அறை விட்டான். எத்தனையோ இடம் இருக்க, பாவி, அந்த இடத்திலேயே அடித்தான். அவள் கண்ணுக்கு எல்லாம் வெள்ளையாகப் போயிற்று. கைக்கு அகப்பட்டது பித்தளைச் சொம்பு. எங்கே அடிக்கிறோம் என்று பார்க்காமல் அடித்தாள். சொம்பின் விளிம்பு அவன் புருவத்துக்கு மேல் இறங்கியது. எலும்பு தெரிகிற மாதிரி பிளந்து ரத்தம் கொட்ட, அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“இன்னொருத்தர் பக்கத்துல வந்தாலும் இதேதான்!” சொம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள் செம்மொழி.

பிரகதீஸ்வரி தம்பியைப் பார்க்கவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு கத்தினாள். “எனக்கும் ஒண்ணு பொறந்துச்சுடி! ஆம்பளப் பிள்ளை. எனக்குப் பிரசவக் காய்ச்சல். நர்சு இதே மாத்திரையைத்தான் குடுத்துச்சு, இதே பேரு. போட்டுக்கிட்டுப் பால் குடுத்தேன். மறுநாள் பிள்ளைக்கு இழுப்பு வந்து என் மடியிலயே அடங்கிப் போச்சு. தலகாணிக்கு அடியில அட்டையைப் பாத்துட்டு, விஷப் பாலைக் குடுத்துக் கொன்னுட்டியேடின்னு என்னைக் கட்டின அந்தப் பஞ்சநதம் மாடு ஓட்டுற தார்க்குச்சியால அடிச்சான். குச்சி ஒடியிற வரைக்கும் அடிச்சான். இந்தக் கை அன்னைக்கு முறிஞ்சதுடி. வாயைத் தொறந்து ஏன்னு கேக்கல நான். கொன்னவ வாங்கத்தானே வேணும்னு வாங்கிக்கிட்டேன். இன்னொரு பிள்ளையைச் சாவக் குடுக்கமாட்டேன்!”

சொம்பைத் தூக்கியிருந்த செம்மொழியின் கை இறங்கியது. அப்போதும் அவள் கோபம் இறங்கவில்லை. “சரி, வா” என்றாள். “அந்த டாக்டரம்மா மூஞ்சியப் பாத்தே கேளு. இவன் மண்டையையும் தைக்கணும்ல. கிளம்பு.”

தெருமுனை யூனுஸ் ஆட்டோவைக் கொண்டு வந்தார். ஒருத்தன் மண்டையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒருத்தி கையில் பல் தடத்தோடு, ஒருத்தி வீங்கிய நெற்றியோடு ஏறினார்கள். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “யாரு யாரை அடிச்சீங்கன்னு கேக்கல. என் வண்டிக்குள்ள அடிச்சுக்காம வாங்க, போதும்” என்றார். பிள்ளை பிரகதீஸ்வரியின் மடியில் இருந்தது. செம்மொழி கையை நீட்டினாள், அவள் கொடுக்கவில்லை. பாதி வழியில் வெயினி அழுகையை நிறுத்திவிட்டாள். அந்த அமைதிதான் மூன்று பேரையும் அடித்துப் போட்டது. “சீக்கிரம் போங்க அண்ணே” என்று வளவன் கத்தினான்.

டாக்டர் சபிஹா பிள்ளையின் வாயில் விரலை வைத்துப் பார்த்தது. உதட்டைப் பார்த்தது, உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தது. “நாக்கு காய்ஞ்சு கிடக்கு. மருந்து வேணாம், பால்தான் வேணும். உடனே குடுங்க” என்று செம்மொழி பக்கம் திரும்பி, அவள் மார்பில் துணி இறுக்கிய தடத்தையும் ஒட்டிக் கிடந்த பூவிதழையும் பார்த்ததும் முகம் மாறியது. “யாரு கட்டினது இது? பால் கட்டிப்போச்சு, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா சீழ் பிடிச்சிருக்கும். அறிவிருக்கா உங்களுக்கெல்லாம்?”

“நான்தான் கட்டினேன்” என்றாள் பிரகதீஸ்வரி. பிள்ளையை இன்னும் விடவில்லை. ஆட்டோவில் வரும்போதே சேர்த்து வைத்திருந்தாள் போல, தன் பிள்ளையின் கதையை ஒரு மூச்சில் கொட்டினாள். “இப்பச் சொல்லுங்க. அந்த மாத்திரைதானே கொன்னுச்சு? என் பால்தானே?”

டாக்டர் கோபத்தை விழுங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றது. “பிள்ளைக்கு ஒடம்பு சுட்டுச்சா?”

“நெருப்பாக் கொதிச்சுது.”

“அப்ப பிள்ளைக்கும் காய்ச்சல் இருந்திருக்கும்மா. உங்களைப் பிடிச்ச கிருமியே அதையும் பிடிச்சிருக்கும். நான் அந்தப் பிள்ளையைப் பாக்கல, எதனால போச்சுன்னு இப்ப உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இந்த மாத்திரையால இல்ல, உங்க பாலால இல்ல. அதை அடிச்சுச் சொல்வேன். கைக்குழந்தைக்குக் காய்ச்சல்னா இதே மருந்தைத்தான் அளவு பாத்து சொட்டு மருந்தா நாங்களே குடுக்குறோம்.”

பிள்ளையை இறுக்கியிருந்த பிரகதீஸ்வரியின் பிடி தளர்ந்தது. செம்மொழி பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் கொடுத்த மாத்திரையை அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டு விழுங்கினாள். கல்லாகக் கிடந்த மார்பைப் பிசைந்து, நாலு சொட்டை வெளியே எடுத்து, பிள்ளையின் உதட்டில் தடவினாள். அந்த வலியில் காலால் தரையை உதைத்தாள். வெயினி சப்பவில்லை. “குடிடி, என் தங்கம், குடி” என்று கெஞ்சினாள். சொம்பால் புருஷன் மண்டையைப் பிளந்தவள்தான், அந்தக் குரலைக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். பிள்ளை ஒரு தடவை சப்பியது. நிறுத்தியது. அப்புறம் பிடித்துக்கொண்டது. மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. செம்மொழி உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

வாசலில் நர்சு வளவனுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தது. அங்கிருந்தபடியே, “குடிக்குதா?” என்று கேட்டான். செம்மொழி அவன் பக்கம் திரும்பவில்லை. “என் கையை நீ பிடிச்சதுக்கு இன்னும் கணக்குத் தீரல. இங்கேருந்து நேரா பர்வின் வீட்டுக்குத்தான் போவேன்” என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மண்டையில் ஊசி ஏறி இறங்கியது.

பிரகதீஸ்வரி பிள்ளையின் பாதத்தை ஒரு கையால் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். அது இழுக்குமா, கண் சொருகுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை குடித்தது, ஏப்பம் விட்டது, மறுபடியும் குடித்தது. கால் சூடாகத்தான் இருந்தது. வெகு நேரம் ஆகியும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் தன் மார்பில் தானே ஓங்கி அறைந்தாள். இன்னொன்று அறைந்தாள். நர்சு ஓடி வந்து அந்தக் கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

“அப்ப நான் எதுக்குடி அவ்வளவு அடி வாங்கினேன்?” என்று செம்மொழியைக் கேட்டாள். அவள் நெற்றியில் புடைத்திருந்த வீக்கத்தையும், மணிக்கட்டில் தம்பி விரல் கன்றிக் கிடந்ததையும் பார்த்தாள். “நீ எதுக்குடி வாங்கின?”

செம்மொழி பிள்ளையை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மாற்றிப் பால் கொடுத்தாள்.